பெல்ட் லோடர் உரசியது, விமானம் பறந்துவிட்டது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 24. ஒரு விமான நிலையத்தில் கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டிராக்டர், பயணிகளின் பெட்டிகளை விமானத்துக்குள் ஏற்றும் பெல்ட் லோடர் ஓட்டுவேன். மூன்று நாளுக்கு முன்பு, விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன்தான் பெல்ட் லோடரைப் பின்பக்க ஹோல்டுக்கு, அதாவது சரக்கு அறைக்கு, கொண்டுவந்தார். நான் சக்கரத்துக்குக் கட்டை போட நின்றிருந்தேன். லோடரின் முனை சரக்குக் கதவுக்குக் கீழே விமானத்தின் உடம்பில் முட்டிவிட்டது. பெரிய சத்தம் இல்லை. உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு தடம். அண்ணன் துணியால் துடைத்தார், முக்கால்வாசி போய்விட்டது. “ரப்பர் மைதான், ஒண்ணும் ஆகல, வாயைத் திறக்காதே” என்றார். விமானமும் கிளம்பிவிட்டது. அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. சொன்னால் பாஸ் போய்விடும், போலீஸ் கேஸ் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விமானம் தினமும் பறந்துகொண்டிருக்கிறது. நான் என்ன செய்வது?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் நாலு வரி அனுப்பினேன். இதே இக்கட்டில் இருக்கும் வேறு யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் அதை இங்கே மறுபடி எழுதுகிறேன். “இதைப் படித்து முடித்ததும் அந்த ஏர்லைன்ஸின் டியூட்டி இன்ஜினியரிடம் போய்ச் சொல்லுங்கள். விமானத்தின் ரெஜிஸ்ட்ரேஷன், தேதி, நேரம், விமானம் நின்ற பே நம்பர், எந்தப் பக்கம், எந்தக் கதவுக்கு எவ்வளவு கீழே. இவ்வளவு போதும். பிறகு உங்கள் கம்பெனியின் டியூட்டி மேனேஜரிடமும் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். போகும் முன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரே வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.”

அன்று இரவே நீங்கள் பதில் போட்டிருந்தீர்கள். “சொல்லிவிட்டேன் சார். விமானத்தை நிறுத்திவைத்துப் பார்க்கிறார்களாம், முடிவு எங்களுக்குச் சொல்லவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ரெண்டு பேர் பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. நான் செய்தது சரிதானா? அங்கே என்ன சொல்ல வேண்டும்? அண்ணனுக்கு அன்னிக்கு டபுள் ஷிஃப்ட் வேற, பாவமாக இருக்கிறது.”

சரிதான். அளந்து பார்த்து “அடி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, பறக்கலாம்” என்று நாளைக்கே முடிவு வந்தாலும் நீங்கள் செய்தது சரிதான். ‘அன்றைக்கே பேசாமல் இருந்திருக்கலாம் போலிருக்கிறதே’ என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முப்பது வருடம் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக, விமானங்கள் நிற்கும் தளமான ரேம்பில் நின்றவன் நான். உங்களை மாதிரிப் பையன்கள் ஓட்டி வந்த வண்டிகள் போட்ட பள்ளங்களை அளந்தே பாதி இரவுகள் போயிருக்கின்றன.

விமானத்தின் உடம்பை நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். தொட்டால் பீரோக் கதவு மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் நீங்கள் லோடர் வைக்கும் ஒற்றை நடைபாதை ஜெட் விமானங்களில், தோல் என்று நாங்கள் சொல்லும் அந்த அலுமினியத் தகடு பல இடங்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வளையம் வளையமாக ஃப்ரேம்கள், நெடுக ஸ்ட்ரிங்கர்கள் என்ற சட்டங்கள். இவை எல்லாம் ரிவெட்டால் ஒன்றாகப் பிடிக்கப்பட்டிருக்கும். விமானம் மேலே போனதும் உள்ளே அடைத்த காற்று இந்தத் தகட்டை வெளிப்பக்கமாகத் தள்ளும். 35,000 அடி உயரத்தில் அந்தத் தள்ளல் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரை டன். ஏறும்போது உடம்பு உப்பும், இறங்கும்போது சுருங்கும். உள்நாட்டில் ஓடும் விமானத்துக்கு இது ஒரு நாளில் ஐந்தாறு தடவை நடக்கிறது. கம்பியைக் கையால் ஒடிக்க என்ன செய்வோம்? ஒரே இடத்தில் வளைத்து வளைத்து விடுவோம். தகட்டில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அந்த மடிப்பில் அதே வேலையைத்தான் செய்கிறது.

இது நடந்திருக்கிறது. 2005 டிசம்பர் 26. அமெரிக்காவில் சியாட்டிலிலிருந்து பர்பாங்க் போகும் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 536ஆம் எண் விமானம், எம்.டி. 83 ரகம். கிளம்புவதற்கு முன் ரேம்பில் ஒரு வண்டி அதன் உடம்பில் உரசியது. ஓட்டியவர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது, சுமார் 26,000 அடியில், அந்த உரசல் விழுந்த இடம் கிழிந்தது. ஓரடி நீளம், அரையடி அகலத்தில் ஓட்டை. உள்ளே இருந்த காற்று வெளியேறி, தலைக்கு மேலே ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. விமானிகள் வேகமாகக் கீழே இறக்கி சியாட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தரையிறங்கிய பிறகுதான் அந்தத் தொழிலாளி, ‘நான் இடித்தேன், சொல்லவில்லை’ என்று ஒப்புக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் ‘பெரிய சத்தம் இல்லை’ என்ற வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த விமானம்தான். அதற்கு மூன்று நாள்கூட வேண்டியிருக்கவில்லை. அடிபட்ட அதே பயணத்தில், கிளம்பிய அரைமணிக்குள் திறந்துகொண்டது. அதனால்தான் அவ்வளவு அவசரப்படுத்தினேன்.

அண்ணன் துணியால் துடைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடித்தவர் முதலில் செய்வது அநேகமாக அதுதான். அழித்துவிட்டால் அடியும் போய்விடும் என்று மனசு நம்ப ஆசைப்படுகிறது. ஆனால் அந்தக் கறுப்புத் தடம்தான் இன்ஜினியருக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம், எங்கே தேடுவது என்று கை காட்டுவது அதுதான். இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால், உங்கள் கையாலோ வேறு யார் கையாலோ, எதையும் துடைக்காதீர்கள். வண்டியையும் உடனே பின்னால் எடுக்காதீர்கள். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் முட்டியது என்பதை நின்ற இடத்திலேயே பார்ப்பதுபோல் வராது.

இன்ஜினியர் வந்து என்ன செய்வார் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதற்குள் உங்களை அடுத்த பேக்கு அனுப்பியிருப்பார்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டிப் படுக்க வைத்து அடிப்பார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாத இடத்தில், சாய்த்து அடித்தால் பள்ளத்துக்குள் ஒரு நிழல் விழும். விளிம்பு வட்டமாக, வழுவழுப்பாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி. கோடு போட்ட மாதிரி மடிந்திருந்தால் விமானம் அன்று போகாது. அப்புறம் கட்டைவிரலை ரிவெட் வரிசைமேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் முடி அளவுக்கு வெடித்திருந்தால் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு நேர்விளிம்புக் கோல் வைத்து, ஆழம் அளக்கும் கேஜை அதன்மேல் நிறுத்தி, பள்ளம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், பக்கத்து ஃப்ரேமுக்கும் ரிவெட் வரிசைக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்வார். அந்த எண்களை விமானத்தைச் செய்த கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேட்டோடு ஒப்பிடுவார். சந்தேகம் என்றால் ஹோல்டுக்குள் ஏறி உள்பக்க மூடு பலகையைக் கழற்றி, அடிபட்ட இடத்தின் முதுகைப் பார்ப்பார். விரிசல் தேடும் கருவியும் வரும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் கையெழுத்து. இந்த வேலையைத்தான் அன்று ஒரு துணி செய்தது.

பெரிய விமானங்களில் விஷயம் இன்னும் சிக்கல். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் ஃபைபர் மாதிரியான கூட்டுப்பொருள், உடம்பும் அதுதான். அலுமினியம் அடி வாங்கினால் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுக்கும். இது உள்ளே வளைந்து கொடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் வண்டிகளின் முனையில் இருப்பது மாதிரியான ரப்பர் பம்பரையே எடுத்து, பெரிய உடம்புப் பலகைகள்மேல் அழுத்தினார்கள். வெளியே பார்த்தால் அடி பட்ட சுவடே அநேகமாக இல்லை, உள்ளே ஃப்ரேம்கள் உடைந்திருந்தன. ‘ரப்பர்தானே பட்டது’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ரப்பர் கீறாமல் காப்பாற்றும், ஆனால் வண்டியின் எடை முழுவதையும் அகலமாகப் பரப்பி உள்ளே அனுப்பிவிடும். அந்த மாதிரி விமானத்தில் அடிபட்டதைக் கண்டுபிடிக்கப் பல நேரம் ஒரே வழிதான் உண்டு, இடித்தவர் வாயைத் திறந்து சொல்வது.

இனி நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றை எழுதுகிறேன். உங்கள் அண்ணனைப் புரிந்துகொள்ள அது உதவும்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “சார், ஸ்டெப் லேடர் கதவுக்குப் பக்கத்தில் இடித்துவிட்டது” என்றான். பயணிகள் ஏறும் படி வண்டியைத்தான் சொன்னான். இடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று எனக்கு ஏற்கெனவே இரண்டு விமானம் தாமதம். எல்லார் முன்னாலும் அவனைக் கத்தினேன். கண் தெரியாதா, யார் உனக்கு லைசென்ஸ் கொடுத்தது என்றெல்லாம் கேட்டேன். விமானம் நாலு மணி நேரம் நின்றது. அளந்து பார்த்தால் அடி அளவுக்குள்தான் இருந்தது. பையனை கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும், சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கும்போது, முன்பக்க ஹோல்டு கதவின் கீழ் விளிம்பில் கை ஓரிடத்தில் நின்றது. சின்னப் பள்ளம். அதைச் சுற்றிப் பழைய துணியால் துடைத்த வரிகள் காய்ந்து போயிருந்தன. உள்ளே பலகையைக் கழற்றினால், பின்னால் இருந்த ஃப்ரேமில் விரல் நீளத்துக்கு விரிசல். எத்தனை பயணம் போய் வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரேம்பில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்டோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பையனை நான் கத்திய இரவில் அவர்கள் எல்லாரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து யாராவது வந்து ‘சார், இடித்துவிட்டேன்’ என்றால் நான் சொன்ன முதல் வார்த்தை ‘வந்து சொன்னதுக்கு நன்றிப்பா’ என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம். உங்களிடம் அந்த இன்ஜினியர் அப்படிச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லாவிட்டால், அவர் சார்பில் நான் சொல்கிறேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

உங்கள் இரண்டாவது கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அண்ணனுக்கு அன்று டபுள் ஷிஃப்ட் என்று. அது பாவம் பார்த்து எழுதிய வரி என்று தெரிகிறது. விசாரணையில் அதைப் பரிதாபமாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அவர் வேலைக்கு வந்தார், முந்தின நாள் எத்தனை மணிக்கு முடித்தார், மூன்றரை மணிக்கு எத்தனையாவது மணி நேரமாக வண்டியில் இருந்தார், எந்த இடத்துக்கு ஆள் வராததால் அவரை நிறுத்தினார்கள், நிறுத்தச் சொன்னது யார்.

2015 டிசம்பர் 22 அதிகாலையில் கொல்கத்தா விமான நிலையத்தில் ஜெட் ஏர்வேஸ் பேருந்து ஒன்று, நின்றுகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ஏ.டி.ஆர். விமானத்துக்கு அடியில் புகுந்து, இன்ஜினோடு சேர்ந்து சிக்கிக்கொண்டது. பேருந்தில் பயணிகள் இல்லை, நல்லவேளை. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பத்து வருடம் கழித்தும் அதே கதைதான். 2025 ஏப்ரல் 18 அன்று பெங்களூருவில், இன்ஜின் மாற்றுவதற்காக ஓரமாக நிறுத்தி வைத்திருந்த இண்டிகோ விமானத்தின் மூக்குக்கு அடியில் ஒரு டெம்போ டிராவலர் போய் மோதியது. வண்டியின் கூரை நசுங்கிவிட்டது. அதிலும் பயணிகள் இல்லை, ஓட்டுநர் லேசான காயத்தோடு தப்பினார். அவரும் தூங்கிவிட்டதாகத்தான் செய்தி. அது பட்டப்பகல், மதியம் பன்னிரண்டேகால். தூக்கம் கெட்ட உடம்புக்கு விடியற்காலை, மத்தியானம் என்ற வித்தியாசம் கிடையாது.

இரண்டு இடத்திலும் படத்தைப் பார்த்தவர்கள் ஓட்டுநரைத்தான் திட்டினார்கள். அந்த ஆளை அந்த நேரத்தில் அந்த வண்டியில் உட்கார வைத்த தாள் ஒன்று இருக்கும், ரோஸ்டர் என்ற வேலை நேரப் பட்டியல். அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. உங்கள் விசாரணை மேஜையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

வண்டியையும் விட்டுவிடாதீர்கள். அந்த லோடரின் பிரேக் எப்படி இருந்தது? ‘இந்த வண்டி கொஞ்சம் வழுக்கும், பார்த்துக்கோ’ என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிக்கொள்கிற வண்டியா அது? அப்படி இருந்தால் பழுது என்று யாராவது முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? முனையில் ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்ததா? இவை எல்லாம் கம்பெனியைக் குற்றம் சொல்லத் தேடும் சாக்குகள் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு பையன் அதே வண்டியில் ஏறுவான்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. கடிதத்தில் ‘கட்டை போட நின்றிருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். லோடர் விமானத்தை நெருங்கும்போது கை காட்டி நிறுத்த ஒருவர் இருந்தாரா? ஓட்டுநர் உட்காரும் இடத்திலிருந்து பெல்ட்டின் முனைக்கும் விமானத்துக்கும் நடுவே உள்ள கடைசி ஓரடி சரியாகத் தெரியாது. இரவில், மேலே இருக்கும் விளக்கின் நிழல் ஹோல்டுக்குக் கீழேயே விழும்போது கேட்கவே வேண்டாம். அதனால்தான் பயிற்சியில் சொல்கிறோம். விமானத்தைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஒருமுறை முழுதாக நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார். அப்புறம் நடக்கிற வேகத்தில் வா. நெருங்கியதும் மறுபடி நிறுத்து. கை காட்டுபவர் உன் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும், அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். ரப்பர்கூட விமானத்தைத் தொடக் கூடாது, கையளவு இடைவெளி விடு. பெட்டி ஏற்ற ஏற்ற, எரிபொருள் நிரப்ப நிரப்ப, விமானம் சில அங்குலம் கீழே இறங்கும், தொட்டுக்கொண்டு நிற்கும் லோடர் அப்போது தானாகவே குத்தும்.

அன்று அந்தக் கை காட்டும் வேலை உங்களுடையதாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் லோடரின் பக்கவாட்டில் நின்றிருந்தால் முனைக்கு முன்னால் ஆளே இல்லை. விமானத்தைச் சீக்கிரம் அனுப்ப ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்ப்பது பல நிலையங்களில் நடக்கிறது. அப்படியானால் அதையும் நீங்களே சொல்லுங்கள். “கை காட்ட வேண்டியது நான், காட்டவில்லை, காரணம் இது.” இதைச் சொல்லாமல் அண்ணன் இடித்தார் என்பதை மட்டும் சொன்னால், நீங்கள் சொன்னது பாதிதான். அவர் உங்களைப் பார்க்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாஸ் விஷயம். ஏர்சைடு ஓட்டும் பர்மிட்டை விசாரணை முடியும் வரை வாங்கி வைப்பது வழக்கம், அதைக் கண்டு பதறாதீர்கள். பெரும்பாலும் மறுபயிற்சி, மறுதேர்வு, பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், யாரையும் குற்றவாளி ஆக்குவது அதன் வேலை இல்லை என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது. 19ஆம் இணைப்பு, தாமாக வந்து தகவல் சொல்பவர்களுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. தெரியாமல் நடந்த தவறு ஒன்று, தெரிந்தே மறைத்தது வேறொன்று என்று பிரித்துப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. பார்க்காத கம்பெனிகளும் உண்டு. உங்கள் கம்பெனி எது என்று எனக்குத் தெரியாதபோது ‘வேலை போகாது’ என்று வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். மூன்று நாள் தாமதம் உங்கள் இருவருக்கும் பாதகம்தான். உடனே சொல்லியிருந்தால் அங்கேயே கருவியில் ஊதிக் காட்டி, ‘குடிக்கவில்லை’ என்று கையோடு நிரூபித்திருக்கலாம். இப்போது அதற்கு வழி இல்லை. யாராவது அதைக் கேட்டால் கோபப்படாமல், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஏன் மூன்று நாள்’ என்று கேட்டால் ‘பயந்தேன்’ என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை.

மேனேஜ்மென்ட் தரப்பில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு தகவல். 2022இல் சர்வதேச விமானப் போக்குவரத்துக் கூட்டமைப்பான அயாட்டா ஒரு கணக்குப் போட்டது. இப்படியே விட்டால் 2035வாக்கில் தரையில் விமானங்களுக்கு ஏற்படும் சேதத்தின் செலவு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர் ஆகும். பெல்ட் லோடர், கார்கோ லோடர், பயணிகள் ஏறும் படி, ஏரோபிரிட்ஜ் என்ற நான்கும் சேர்ந்து மட்டும் இந்தச் சம்பவங்களில் 40 சதவீதம். விமானத்தை நெருங்கும்போது சென்சார் வைத்துத் தானாக வேகம் குறைத்து நிற்கும் வண்டிகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஒரு விமானம் ஒரு நாள் நின்றால் ஆகும் செலவைப் பார்த்தால் அந்த வண்டி விலை அதிகமாகத் தெரியாது. இரண்டு ஷிஃப்டை ஒரே ஆளை வைத்து ஓட்டி மிச்சம் பிடிக்கும் சம்பளமும் அப்படித்தான்.

கடைசியாக அண்ணன். இதைப் பற்றி யோசித்துத்தான் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைக்கு முன்னால் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவர் கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் நின்றாலும் பரவாயில்லை, உள்ளே போய் உட்காருங்கள். நீங்கள் சொன்னது சரி என்று அவரிடம் வாதாட வேண்டாம், அது இப்போது அவர் காதில் விழாது. அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டுதான். ஒன்று, “அண்ணே, நான் கை காட்டியிருக்கணும், காட்டல, அதை நான் எழுதிக் கொடுக்கப் போறேன்.” இரண்டு, “நீங்க பதினாறு மணி நேரமா வண்டியில இருந்தீங்க, அதையும் சொல்லப் போறேன்.” பதினாறு என்று நான் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன், சரியான எண்ணை ரோஸ்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கோபத்தில் எழுந்து போகலாம். போனால் போகட்டும். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் என்று ஒருவர் இருந்திருப்பார், அவரும் இதே மாதிரி ஒரு இரவில் ‘துடைச்சிடு’ என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார். கெட்ட மனசால் அவர் அதைச் செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அவரிடம் லோடர் ஓட்டக் கற்றுக்கொண்டது உங்களுக்கு இன்னும் நன்றியோடுதான் நினைவிருக்கிறது என்பதை, வாய்ப்புக் கிடைத்தால், அவர் வீட்டில் உள்ளவர்கள் கேட்கும்படியாகச் சொல்லுங்கள்.

யூனியன் இருந்தால் அதன் ஆள் ஒருவரை விசாரணைக்கு உடன் வரச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து. நீங்கள் கொடுக்கும் எழுத்துக்கு நகல் எடுத்து, வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார ரோஸ்டரை மறக்காதீர்கள், சுவரில் ஒட்டியிருந்தால் இன்றைக்கே ஒரு பார்வை பார்த்துக் குறித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை புதுத்தாள் ஒட்டிவிடுவார்கள்.

அந்தப் பள்ளத்தின் அளவு என்ன வந்தது என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.